காடும் வெப்பமும் உழைப்பும்: வெப்பவியக்கவியற் கோட்பாடும் இலங்கைக் காடுகளின் வரலாறும்

இயற்கை விஞ்ஞானத்துக்கும் சமூக விஞ்ஞானத்துக்கும் இடையே நம் பல்கலைக்கழகங்களில் எழுப்பப்பட்டுள்ள சுவர் மிக உயரமானது. காட்டைத் தாவரவியலாளர் ஆராய்வர். காடழித்த சட்டங்களை வரலாற்றாசிரியர் ஆராய்வர். காட்டைப் பாடிய இலக்கியத்தை நம்மனோர் ஆராய்வர். மூவரும் ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பது அருமை. ஆயின் காடு ஒன்றே. அதன் வளர்ச்சியும் அழிவும் மீட்சியும் ஒரே வரலாற்று இயக்கத்தின் பல்வேறு முகங்களாகும். இலக்கிய ஆய்வாளன் ஒருவன் வெப்பவியக்கவியல் பற்றி எழுதத் துணிவதற்கு இதுவே நியாயம்.

காடு காலத்தோடு வளர்ந்து மாறும் முறையை வெப்பவியக்கவியல் விதிகளால் விளக்க முயலும் கோட்பாடு எங்ஙனம் தோன்றியது, அது எதனை விளக்குகிறது, எதனை விளக்கத் தவறுகிறது, இலங்கைக் காடுகளின் வரலாற்றை விளங்கிக்கொள்ள அது நமக்கு எவ்வாறு துணைபுரியும் என்பனவே இங்கு நாம் எழுப்பும் வினாக்கள்.

1

வெப்பவியக்கவியல் தொழிற்சாலையின் குழந்தை. நீராவியெந்திரத்திலிருந்து கூடிய பயனைப் பெறுவது எப்படி என்ற கேள்வியே 1824 ஆம் ஆண்டு சாடி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியியலாளரைச் சிந்திக்கவைத்தது. சக்தி ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை, உருமாற மட்டுமே செய்கிறது என்பது முதலாம் விதி. உருமாறும் ஒவ்வொரு தடவையும் அதன் பயன்படுதிறனில் ஒரு பகுதி மீளமுடியாதபடி குன்றுகிறது என்பது இரண்டாம் விதி. கொதித்த நீர் ஆறும். ஆறிய நீர் தானே கொதிக்காது. இவ்வாறு குன்றுவதை அளக்கும் கணியத்துக்கு 1865 இல் கிளௌசியஸ் எந்திரப்பி எனப் பெயரிட்டார்.

எந்திரத்தின் விதி உயிருக்கும் பொருந்துமா? எல்லாம் சிதைவை நோக்கிச் செல்லுமாயின், விதையிலிருந்து மரமும் மரத்திலிருந்து காடும் உருவாவது எப்படி? விடை எளிது. காடு மூடிய பெட்டியன்று. சூரியனிடமிருந்து உயர்தரச் சக்தி இடையறாது வந்துகொண்டிருக்கிறது. தாழ்தர வெப்பம் இடையறாது விண்வெளிக்கு வெளியேறிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓட்டத்தின் நடுவே உயிர் தன் ஒழுங்கைக் கட்டிக்கொள்கிறது. 1886 இல் போல்ட்சுமான் தமது உரையொன்றில் உயிரினங்களின் போராட்டம் மூலப்பொருளுக்கானதன்று, சக்திக்கானதுமன்று, சூரியனிலிருந்து பூமிக்குச் சக்தி பாய்வதால் கிட்டும் எந்திரப்பி வேறுபாட்டுக்கானது என்ற கருத்தை முன்வைத்தார். 1944 இல் ஷ்ரோடிங்கர் இக்கருத்தைப் பரவலாக்கினார்.

மார்க்சிய மூலவர்கள் இவ்விவாதத்துக்குப் புறத்தே நிற்கவில்லை. உக்கிரேனிய சோசலிசவாதியான செர்கெய் பொடொலின்ஸ்கி 1880 அளவில், உழவு முதலிய மனித உழைப்பு சூரியசக்தியைப் புவியின் மேற்பரப்பில் கூடுதலான காலம் தேக்கிவைக்கிறது என வாதித்தார். 1882 டிசம்பரில் மார்க்சுக்கு எழுதிய கடிதங்களில் ஏங்கெல்ஸ் இதனை ஆராய்ந்தார். அதன் பெறுமதியை ஒப்புக்கொண்ட அவர், பொருளாதார உறவுகளைப் பௌதிக அலகுகளால் அளந்துவிட முடியாதென எச்சரித்தார். அத்துடன் நிலக்கரி, கனியம், காடு ஆகிய சேமிப்புகளை மனிதர் விரயஞ்செய்வதையும் சுட்டினார். இவ்விரு குறிப்புகளும் ஒருங்கே மனங்கொள்ளத்தக்கவை. முன்னதை மறந்தவர்கள், ஒஸ்ற்வால்டைப்போல, சமுதாயத்தையே சக்திக் கணக்காக்கினர். 1909 இல் லெனின் அப்போக்கைக் கண்டித்தது தற்செயலன்று. பின்னதை மறந்தவர்கள் இயற்கையை வற்றாக் களஞ்சியமெனக் கருதினர். அவர்களுள் நம்மவரும் உளர் என்பதைப் பின்னர் காண்போம்.

2

காட்டின் வளர்ச்சி பற்றிய கோட்பாடு வேறொரு திசையிலிருந்து வந்தது. வெற்று நிலத்திற் புல்லும் செடியும் தோன்றி, அவை புதருக்கும், புதர் விரைவில் வளரும் மெல்மரங்களுக்கும், அவை நிழலில் முளைத்து மெல்ல உயரும் வன்மரங்களுக்கும் இடமளிக்கும் தாவரத் தொடர்வளர்ச்சியை அமெரிக்கரான கிளமென்ற்ஸ் 1916 இல் விரிவாக எழுதினார். காடு ஓர் உயிரியைப்போலப் பிறந்து, வளர்ந்து, முதிர்ந்து ஓர் உச்சநிலையை அடையும் என்பது அவர் கருத்து. 1926 இல் கிளீசன் இதனை மறுத்தார். தாவரக்கூட்டம் என்பது தனித்தனி இனங்கள் தத்தம் இயல்பாலும் தற்செயலாலும் ஓரிடத்தில் வந்துசேர்ந்ததன் விளைவே என்றார்.

1935 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டான்ஸ்லி ‘சூழற்றொகுதி’ என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். அக்கட்டுரை பிறந்த சூழல் குறிப்பிடத்தக்கது. தென்னாபிரிக்காவின் ஸ்மட்ஸ் வகுத்த முழுமைவாதத் தத்துவத்தைத் தழுவித் தாவரக்கூட்டத்தை ஓர் உயிரியாகக் காட்டிய பிலிப்ஸ் என்பவரை மறுக்கவே அது எழுதப்பட்டது. ஒவ்வோர் உறுப்புக்கும் முழுமையில் நிலையான இடமுண்டு என்னும் தத்துவம், இனவாரியாக மனிதருக்கு இடம் வகுத்த நாட்டிலிருந்து வந்தது. காடு பற்றிய கருத்துகளும் காட்டிலே பிறப்பதில்லை.

வெப்பவியக்கவியலும் தொடர்வளர்ச்சிக் கோட்பாடும் சந்தித்த இடம் ஒரு சதுப்புநிலமாகும். மினசோட்டா மாநிலத்தில் மெல்லத் தூர்ந்து சதுப்பாகிக்கொண்டிருந்த சிற்றேரியொன்றை ஆராய்ந்த லின்டமன், பாசியிலிருந்து மீன்வரை ஒவ்வொரு படியிலும் எவ்வளவு சக்தி புகுகிறது, எவ்வளவு சுவாசத்தில் வெளியேறுகிறது எனக் கணக்கிட்டார். ஏரி தூர்ந்து நிலமாவதையும் அச்சக்திக் கணக்கின் மாற்றமாகவே விளக்கினார். அவருடைய கட்டுரை 1942 இல் அச்சேறுமுன்னரே அவர் இளவயதில் இறந்துவிட்டார்.

ஆயின் இத்திசையில் அவருக்கு முன்னரே ஒருவர் நடந்திருந்தார். உக்கிரேனியப் புல்வெளியான அஸ்கானியா நோவாவில் பணியாற்றிய ஸ்ரன்சின்ஸ்கி, உயிரினங்களிடையே சக்தி பாய்வதை அளக்கும் கோட்பாடொன்றை 1931 அளவில் வகுத்தார். 1934 இல் அவர் கைதுசெய்யப்பட்டார். அவரது ஆய்வு சிதறுண்டது. மார்க்சியத்தின் பெயரால் நிகழ்ந்த இவ்வநீதியை மார்க்சியவாதிகளாகிய நாமே முதலில் எழுதவேண்டும். இயற்கைக்கு எல்லையுண்டு எனச் சொன்ன விஞ்ஞானியின் குரலை ஐந்தாண்டுத் திட்டம் கேட்க விரும்பவில்லை.

போருக்குப் பின் இத்துறை அமெரிக்காவிற் செழித்தது. அதற்குரிய பணத்திற் பெரும்பங்கு அணுசக்தி ஆணைக்குழுவிடமிருந்து வந்தது. ஹவார்ட் ஓடம் புவேர்ட்டோ ரிக்கோவின் எல் வேர்டே மழைக்காட்டில் நடத்திய ஆய்வில், 1965 இல் காட்டின் ஒரு பகுதி கதிரியக்கத்துக்கு உட்படுத்தப்பட்டது. அணுக்குண்டின் பின்விளைவை அறியும் தேவை, காட்டின் சுவாசத்தை அளக்கும் வாய்ப்பாயிற்று. அவருடைய தமையனார் யூஜின் ஓடம் 1969 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் திருப்புமுனை எனலாம்.

அதன் சாரம் இது. இளங்காட்டில் ஒளித்தொகுப்பால் ஆக்கப்படுவது சுவாசத்தாற் செலவாவதைவிட அதிகம். மிகுதி உடலாகச் சேர்கிறது. காடு முதிர முதிர உயிர்த்திணிவு பெருகுகிறது. அதனைப் பேணும் செலவும் பெருகுகிறது. ஈற்றில் வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாகின்றன. இளங்காடு விளைச்சல் தருவது. முதுகாடு பாதுகாப்புத் தருவது. மனிதர் நிலத்திடம் எப்போதும் விளைச்சலையே கேட்கின்றனர்; இயற்கையோ பேணுதலை நோக்கிச் செல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான முரண்பாடே சூழல் நெருக்கடியின் அடி என்றார் ஓடம்.

1977 இல் நோபல் பரிசு பெற்ற பிறிகோஜினின் ஆய்வுகள், சமநிலைக்கு அப்பாற்பட்ட திறந்த தொகுதிகளில் சக்தியோட்டமே ஒழுங்கை ஆக்கவல்லது எனக் காட்டின. அவற்றின் வழிநின்று 1994 இல் ஷ்னைடரும் கேயும் ஒருபடி மேலே சென்றனர். காடு இரண்டாம் விதியை மீறி வளரவில்லை. அவ்விதியின் ஏவலாலேயே வளர்கிறது. முதிர்ந்த காடு, வரும் சூரியசக்தியின் தரத்தை வெற்றுநிலத்தைவிட முழுமையாகக் குறைத்து வெளியேற்றுகிறது என்பது அவர்கள் வாதம். ஒறிகன் மாநிலத்து மலைக்காடொன்றின் மேல் விமானத்திலிருந்து வெப்பநிலை அளந்த ஆய்வை அவர்கள் சான்றாகக் காட்டினர். மரம் வெட்டி வெறுமையாக்கிய நிலம் 50 பாகை செல்சியசுக்கு மேல் கொதித்தது. நானூறு ஆண்டு முதிர்ந்த காட்டின் கூரையோ ஏறத்தாழ 25 பாகையில் இருந்தது.

இதன் பொறிமுறையை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 24 இலட்சம் யூல் வெப்பம் வேண்டும். நாளொன்றுக்கு 4 மில்லிமீற்றர் ஆழ நீரை ஈரவலயக் காடொன்று ஆவியாக்குகிறதெனக் கொள்வோம். ஒரு ஹெக்டேயரில் அது 40,000 லீற்றர். அதற்குச் செலவாகும் வெப்பத்தை 24 மணிநேரத்துக்குப் பகிர்ந்தால் பதினொரு இலட்சம் உவாற்று அளவு வரும். ஒரு ஹெக்டேயர்க் காடு பதினொராயிரம் நூறு உவாற்று மின்குமிழ்கள் இரவு பகலாக விழுங்கும் சக்தியை ஓசையின்றி நீராவியாக்கி மேலே அனுப்புகிறது. ஒளித்தொகுப்பிற் சேரும் சக்தியோ வந்துவிழும் சூரியசக்தியில் நூறில் ஒரு பங்கு அளவினதே. காட்டின் பெருந்தொழில் மரத்தை ஆக்குவதன்று, வெப்பத்தை ஆற்றுவது.

3

இக்கோட்பாட்டை அப்படியே ஏற்கலாமா? மூன்று தடைகள் உள.

முதலாவது, வளர்ச்சியின் முடிவு முன்னரே குறிக்கப்பட்டதென்ற எண்ணம். இயற்கைக்கு ஓர் ‘உபாயம்’ உண்டெனப் பேசும்போது கிளமென்ற்சின் உயிரி பின்வாசல் வழியே மீண்டும் நுழைகிறது. உண்மையில் முதுகாட்டிலும் மரங்கள் விழுகின்றன, வெளி உண்டாகிறது, அவ்வெளியில் இளங்காடு மீண்டும் தொடங்குகிறது. முதுமையும் இளமையும் காட்டில் அருகருகே வாழ்வன. இரண்டாவது, வரவும் செலவும் முற்றாகச் சமப்படும் என்ற கூற்று. மிக முதிர்ந்த காடுகள் பலவும் காபனைத் தொடர்ந்து சேமித்துவருகின்றன என்பதை 2008 இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வொன்று காட்டியது. மூன்றாவதே நமக்கு முதன்மையானது. வெப்பவியக்கவியல் எது இயலாதென்று சொல்லும். இயலக்கூடிய பலவற்றுள் எது நிகழ்ந்ததென்று சொல்லாது. வெட்டப்பட்ட மலை சூடேறும் என்பது பௌதிகம். யார் வெட்டினர், யாருக்காக வெட்டினர், சூட்டை யார் தாங்கினர் என்பது வரலாறு.

4

இலங்கைக்கு வருவோம். இந்நாட்டில் ‘கன்னிக்காடு’ எனப்படுவனவற்றுட் பெரும்பகுதி வரலாற்றின் விளைவே. பொலன்னறுவை அரசு 13 ஆம் நூற்றாண்டிற் குலைந்தபின், குளங்களும் வயல்களும் கைவிடப்பட்ட உலர்வலயத்திற் காடு மீண்டது. இன்றும் அக்காட்டினுள்ளே உடைந்த குளக்கட்டும் கற்றூணும் காணப்படுகின்றன. மனித உழைப்பாற் பேணப்பட்ட ஒழுங்கு அவ்வுழைப்பு நின்றதும் சிதைந்தது. சூரியசக்தி வேறோர் ஒழுங்கைக் கட்டியது.

காட்டின் இம்மீளுந்தன்மையையே சேனைப் பயிர்ச்செய்கை அடிப்படையாகக் கொண்டிருந்தது. காட்டின் ஒரு துண்டு வெட்டி எரிக்கப்படும்; சாம்பலில் ஓரிரு ஆண்டுகள் குரக்கனும் தினையும் விளையும்; பின்னர் அந்நிலம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காட்டுக்கே விடப்படும். ஓடத்தின் சொற்களிற் கூறுவதாயின், உழவன் இளமையின் விளைச்சலைச் சிறிது எடுத்துக்கொண்டு முதிர்ச்சிக்கான காலத்தைக் காட்டுக்குத் திருப்பிக் கொடுத்தான். சங்கப் பாடல்களிற் குறிஞ்சித் தலைவி கிளி கடியும் தினைப்புனமும் இத்தகைய உற்பத்திமுறையின் நினைவைத் தாங்கியதே.

இவ்விடத்தே திணைக்கோட்பாட்டையும் நினைவுகூரலாம். திணைகளைச் சமமற்ற வளர்ச்சியுடைய பொருளாதாரப் படிநிலைகளாக நோக்கிய கார்த்திகேசு சிவத்தம்பியின் கட்டுரை 1974 இல் வெளிவந்தது. அந்நோக்கில் பாலையின் நிலை தனித்தன்மையானது. அதற்கெனத் தனிநிலம் இல்லை. கடும் வெயிலில் முல்லையும் குறிஞ்சியுமே பாலையாய் மாறும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்திற் காண்கிறோம். நிலம் ஓர் இடம் மட்டுமன்று, ஒரு நிலைமை; நிலைமை மாறக்கூடியது என்ற உணர்வு இங்கே புலப்படுகிறது. இதனைக்கொண்டு பண்டைத் தமிழர் இரண்டாம் விதியை அறிந்திருந்தனர் எனக் கூறுவது நகைப்புக்குரியது. அத்தகைய பெருமிதங்கள் ஆய்வாகா. வறட்சியோடு வாழ்ந்த மக்கள் தம் அனுபவத்தைக் கவிதைக்குரிய வகைப்பாடாக்கினர் என்பதே நாம் கூறத்தக்கது. அதுவே போதிய பெருமையுமாகும்.

5

காட்டுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்ட காலத்தை முதலிற் பறித்தது ஒரு சட்டம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச்சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியவை மறுதலை எண்பிக்கப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. சேனை நிலம் பத்தாண்டு காடாய்க் கிடப்பது அதன் உற்பத்திச் சுழற்சியின் ஒரு பகுதி. சட்டத்தின் கண்ணில் அது ஆளற்ற நிலம். முதிர்ச்சிக்கான காலம் இவ்வாறு ‘வெறுமை’ என மறுபெயர் பெற்றது. அந்நிலம் 1844 வரை ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்குத் தோட்டக்காரர்க்கு விற்கப்பட்டது. வாங்கியோருள் குடியேற்ற அரசின் உயர் அலுவலரும் இருந்தனர்.

மலைக்காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நடப்பட்டது. 1870களின் இறுதியிற் கோப்பி நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. பல நூற்றாண்டுகளாகக் காடு தன் உடலிலும் மண்ணிலும் சேர்த்த வளம், சில அறுவடைகளின் இலாபமாகி இலண்டனுக்குச் சென்றது. மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றிய தமது கட்டுரையில், கியூபாவின் ஸ்பானியத் தோட்டக்காரர் மலைச்சரிவுக் காட்டை எரித்து, ஒரு தலைமுறைக் கோப்பிக்கு உரம் பெற்று, பின்னர் மழை மண்ணை அரித்துச் செல்வதைப் பொருட்படுத்தாது விட்டமையை ஏங்கெல்ஸ் குறிப்பிடுகிறார். கண்டிச் சீமையைப் பற்றியும் அவர் அதையே எழுதியிருக்கலாம்.

1869 இற் கோப்பித் துருநோய் கண்டது. ஒரே இனம், அடுத்தடுத்துப் பல்லாயிரம் ஏக்கரில் நின்றமை நோய்க்குப் பெருவழியாயிற்று. இருபதாண்டுகளுக்குள் கோப்பிப் பொருளாதாரம் சரிந்து, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1873 இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கர் விடுத்த எச்சரிக்கையை அடுத்து 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளின் விற்பனை தடைப்பட்டது. அதற்குக் கீழே மலை ஏற்கெனவே மொட்டையாகியிருந்தது.

தேயிலைத் தோட்டத்தை ஓடத்தின் அட்டவணையில் எங்கே வைப்பது? அது நிரந்தரமாக இளமையில் நிறுத்தப்பட்ட காடு. பல அடி உயர்ந்து மரமாக வளரவல்ல தேயிலை இடுப்பளவில் வெட்டப்படுகிறது. தளிர் தோன்றியதும் கொய்யப்படுகிறது. முதிர்ச்சி தடுக்கப்படுவதால், முதுகாடு தன் சுவாசச் செலவில் தானே செய்துகொள்ளும் வேலைகள் அனைத்தையும் வெளியிலிருந்து யாரோ செய்தாகவேண்டும். காட்டில் நிழல் களையை அடக்கும். தோட்டத்தில் மனிதக் கை பிடுங்கும். காட்டில் வேரும் சருகும் மண்ணைத் தாங்கும். தோட்டத்தில் கானும் கல்லணையும் கட்டப்படவேண்டும். காட்டில் உதிர்ந்த இலை உரமாகும். தோட்டத்தில் உரம் மூட்டையாக வரும். கொய்த கொழுந்தை உலர்த்தும் நெருப்புக்கும் வேறெங்கோ ஒரு மரம் விறகாகும்.

தோட்டம் குறைத்துக்கொண்ட பேணுதற் செலவு மறைந்துவிடவில்லை. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் உடலுக்கு மாற்றப்பட்டது. மன்னார்க் கரையிலிருந்து வடக்கு வீதி வழியே மாத்தளைக்கு நடந்து, வழியிற் பலரை இழந்து வந்த அம்மக்களே மலையின் மறைந்துபோன காட்டின் இடத்தில் நின்று வேலைசெய்தனர். களைவெட்டும் கானும் கவ்வாத்தும் வெறும் தோட்டவேலைகளல்ல. காட்டின் பணியை மனிதத் தசை மேற்கொள்வதன் பெயர்கள்.

இவ்விடத்தில் ஏங்கெல்சின் எச்சரிக்கையை மீண்டும் நினைவுகொள்ளவேண்டும். தொழிலாளியின் உழைப்பை வெறும் கலோரியாக எண்ணினால் சுரண்டல் கண்ணிற்படாது. கங்காணியின் கலோரியும் கொழுந்து கொய்பவளின் கலோரியும் பௌதிகத்தில் ஒன்றே. லயன் அறையும் பற்றுச்சீட்டும் பிரஜாவுரிமைப் பறிப்புமே அவற்றை வேறாக்கின. மலையைப் பேணிய மக்கள் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டியோராகக் கணக்கிட்டது. மண்ணைத் தாங்கியவர்க்கு மண்ணிலே உரிமையில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது, அச்செய்தியை இயற்கை அனர்த்தம் என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதிவிடுவது வரலாற்றை மறப்பதாகும். அச்சரிவின் கீழ் வாழ்ந்தவர்கள் எவ்விடத்தில் வாழ்வதென்று தேர்ந்தெடுத்தவர்களல்லர்.

6

முதலாளித்துவத்தை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சிங்கராஜ வனத்தின் கதை இதனை உணர்த்துகிறது. தென்மேற்கு ஈரவலயத்தில் எஞ்சிய மழைக்காடுகளுட் பெரியதான இதிலிருந்து ஒட்டுப்பலகைத் தொழிலுக்கு மரமெடுக்கும் திட்டம் 1960களின் இறுதியில் உருவாகி, 1972 முதல் 1977 வரை இயந்திரங்களைக்கொண்டு செயற்படுத்தப்பட்டது. அக்காலத்தில் ஆட்சியிலிருந்தது ஐக்கிய முன்னணி; லங்கா சமசமாசக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அதிற் பங்காளிகள். அந்நியச் செலாவணி நெருக்கடியில் உள்ளூர் மூலவளத்தைக்கொண்டு கைத்தொழில் வளர்ப்பது முற்போக்கானதெனவே கருதப்பட்டது. எதிர்த்தவர்கள் இயற்கையியலாளரும் ஆய்வாளரும். 1977 இல் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1978 இல் அது உயிர்க்கோளக் காப்பகமாகவும், 1988 இல் உலக மரபுரிமைத் தலமாகவும் ஏற்கப்பட்டது.

உற்பத்திச் சாதனம் அரசுடைமையானால் இயற்கையோடுள்ள உறவும் தானே சீர்ப்படும் என்ற நம்பிக்கையே அன்று இடதுசாரிகளை வழிநடத்தியது. காட்டின் பேணுதற் செலவு அரசுடைமையால் நீங்குவதில்லை. அதனை ஏற்க மறுக்கும் பொருளாதாரம் யாருடையதாயினும், கணக்கு பின்னர் வரும்.

சிங்கராஜவிற் பின்னர் நடந்த ஆய்வுகள் இக்கோட்பாட்டுக்கு நல்லதோர் உரைகல்லாயின. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சாவித்திரி குணதிலக்க, நிமல் குணதிலக்க ஆகியோர் பிறரோடு இணைந்து பல பதிற்றாண்டுகளாக அங்கு ஆய்வு நடத்திவந்துள்ளனர். 1993 இல் 25 ஹெக்டேயர் நிலத்தின் ஒவ்வொரு மரத்தையும் எண்ணிப் பதியும் பணி தொடங்கியது. 200க்கும் மேற்பட்ட மரவினங்கள் அச்சிறு பரப்பில் இனங்காணப்பட்டன.

காடழிந்து மீண்டும் மீண்டும் எரிந்த ஈரவலய நிலத்தில், கெக்கில்ல எனப்படும் பன்னம் அடர்ந்து படர்ந்து மரவிதை வேரூன்ற விடாது தடுக்கிறது. சூரியன் அதே சூரியன். மழையும் அதே மழை. ஆயினும் தொடர்வளர்ச்சி நின்றுவிடுகிறது. சக்தி இருந்தால் மட்டும் போதாது; விதையும், விதை கொணரும் பறவையும், மண்ணின் நினைவும் வேண்டும். ஷ்னைடரும் கேயும் கூறும் பொதுவிதி இங்கே ஒரு குறிப்பான வரலாற்றினால் தடைப்படுகிறது.

1970களின் இறுதியில் வனத்தின் எல்லையில் அந்நிய மரமான பைன் நடப்பட்டிருந்தது. அதன் நிழல் பன்னத்தை அடக்கியது. 1990களில் ஆய்வாளர்கள் பைன் வரிசைகளிற் சிலவற்றை அகற்றி, அவ்விடைவெளியில் தூன் முதலிய உள்ளூர் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டனர்; அவை வளர்ந்தன. தடைப்பட்ட வளர்ச்சி மனிதரின் அறிவார்ந்த தலையீட்டால் மீண்டும் நடக்கத் தொடங்கியது. பொடொலின்ஸ்கி கூறிய உழைப்பு, சூரியசக்தியைப் புவியில் நீளநேரம் தேக்கும் உழைப்பு, இதுவே எனலாம். பைன் நல்லதா கெட்டதா என மலையகத்தில் நெடுங்காலம் நடந்த வாதத்துக்கும் இது ஒரு விடை தருகிறது: எந்த மரமும் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று, எந்த நிலையில், எந்த நோக்குக்காக, எவ்வளவு காலத்துக்கு என்பதே கேள்வி.

7

இக்கட்டுரையாளன் வாழும் ஹெந்தளையிலிருந்து வடக்கே நீர்கொழும்புக் களப்புவரை முத்துராஜவெலச் சதுப்புநிலம் கிடக்கிறது. கோட்டை இராச்சியக் காலத்தில் நெல் விளைந்ததாகக் கூறப்படும் நிலம் இது. ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் வழியே உவர்நீர் புகுந்து வயலைக் கெடுத்தது. அதனைத் திருத்தவென 1802 முதல் 1804 வரை பிரித்தானியர் வெட்டிய ஹமில்டன் கால்வாயும் நெல்லை மீட்கவில்லை. உழவன் விலகிய நிலத்தைக் கோரையும் சதுப்புமரமும் பிடித்தன. மேற்பரப்பின் கீழே முற்றா நிலக்கரி படிந்துள்ளது. ஒட்சிசன் எட்டாத நீரடியில் முழுமையாக உக்காத தாவர உடல் அது. பல்லாயிரம் ஆண்டுச் சூரியவொளி அதிற் கட்டுண்டு கிடக்கிறது. லின்டமன் மினசோட்டாவிற் கண்டது நம் வாசலிலும் உண்டு.

1996 இல் இச்சதுப்பின் வடபகுதி சரணாலயமாக்கப்பட்டது. ஆயினும் அதே பதிற்றாண்டிற் சதுப்பின் தென்பகுதியொன்று கடல்மணலால் நிரப்பப்பட்டது. நகரத்திற் காணியின் விலை ஏறியபோது சதுப்பு மீண்டும் ‘பயனற்ற நிலம்’ ஆயிற்று. 1840 ஆம் ஆண்டின் சொல்லகராதி இன்னும் வழக்கொழியவில்லை. மழைக்காலத்தில் களனி பெருகும்போது தாழ்நிலக் குடிசைகளிலே நீர் புகுகிறது. சதுப்பு உறிஞ்சவேண்டிய நீரை ஏழையின் வீடு ஏற்கிறது. மலையகத்தில் காட்டின் பணியைத் தொழிலாளியின் தசை ஏற்றது போன்றதே இதுவும். பேணுதற் செலவு எங்கும் மறைவதில்லை. வலிமை குறைந்தவரின் கணக்கில் எழுதப்படுகிறது.

இதுவரை கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். காட்டின் வளர்ச்சிக்கு வெப்பவியக்கவியல் தரும் விளக்கம், காடு என்பது வெட்டக் காத்துநிற்கும் மரக்குவியல் என்ற எண்ணத்தைத் தகர்க்கிறது. அவ்வளவில் அது முற்போக்கான அறிவு. சமுதாயத்தையும் அதே விதிகளால் விளக்க முற்படும்போது, அது சுரண்டலை இயற்கையாகக் காட்டும் கருத்துநிலையாகிறது. அவ்வளவில் அதனை நாம் மறுக்கவேண்டும். இறுதியாக, மார்க்சிய ஆய்வு உற்பத்தியை மட்டுமன்றிப் பேணுதலையும் தன் பொருளாகக் கொள்ளவேண்டும். உலகை ஆக்கும் உழைப்பைப் பற்றி நிறைய எழுதியுள்ளோம். உலகைக் கெடாது வைத்திருக்கும் உழைப்பை, காட்டின் உழைப்பையும் களைபிடுங்கும் பெண்ணின் உழைப்பையும், இன்னும் எழுதத் தொடங்கவில்லை. அதனை எழுதுவது தாவரவியலாளரின் கடமை மட்டுமன்று.